ரத்தத்தோடு வரும் எலும்பு

கீழ்க்காலின் நடுவில் பத்து சென்டிமீட்டர் எலும்பு இல்லை. மேலே முட்டியோடு ஒரு துண்டு, கீழே கணுக்காலோடு ஒரு துண்டு, நடுவில் தசையும் தழும்பும் மட்டும். இருசக்கர வண்டி விபத்தில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து, மண்ணும் கிருமியும் உள்ளே புகுந்து, சீழ் வைத்து, செத்துப்போன எலும்பைத் தவணை தவணையாக வெட்டி எடுத்த பிறகு மிஞ்சுகிற நிலை இது. எலும்புப் புற்றுக்கட்டியை அகற்றினாலும் இதே இடைவெளிதான். காலைச் சுற்றிக் கம்பிகள் மாட்டி, நீளம் குறையாமல் நிறுத்தி வைத்திருப்பார்கள். ‘காலை எடுத்துவிடுவதே நல்லது’ என்று அதற்குள் எங்கேயாவது ஒரு மருத்துவர் சொல்லியும் இருப்பார்.

இந்த இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புவது? ஒன்றிரண்டு சென்டிமீட்டர் என்றால் பதில் எல்லா எலும்பு மருத்துவருக்கும் தெரியும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் திறந்து, உள்ளிருக்கும் பஞ்செலும்பைச் சுரண்டி எடுத்து, இடைவெளியில் வைத்து அழுத்தி, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு முடுக்கிவிட்டால் போதும். ஒவ்வொரு நாளும் ஊருக்கு ஊர் நடக்கிற வேலைதான். இடைவெளி பத்து சென்டிமீட்டர் என்று வரும்போது அந்த வழி கைகொடுப்பதில்லை. அது ஏன் என்று தெரிய வேண்டுமானால், இடம் மாற்றி வைத்த எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வில்லியம் மெக்வென் என்ற அறுவை மருத்துவரிடம் ஒரு சிறுவன் வந்தான். மேற்கை எலும்பின் தண்டு முழுவதும் சீழ்பிடித்து அழிந்திருந்தது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கை துவண்டு தொங்கியது. ரிக்கெட்ஸ் நோயால் கால் வளைந்துபோன குழந்தைகள் அந்தத் தொழில் நகரத்தில் ஏராளம். அவர்களின் எலும்பில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் காலை நிமிர்த்துவதில் மெக்வென் பேர்போனவர். வீணாகப் போகவேண்டிய அந்தத் துண்டுகளைச் சில்லுகளாக நறுக்கி, சிறுவனின் கையில் தடம் வெட்டி, பல முறையாக உள்ளே வைத்தார். கையில் எலும்பு உருவானது. 1881-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் அதை அறிவித்தார். நவீன எலும்பு ஒட்டு மருத்துவத்தின் பிறப்புச் சான்றிதழ் என்று அந்த அறிக்கையைச் சொல்லலாம்.

வைத்த எலும்பு உயிரோடிருந்து தானே வளர்ந்தது என்று மெக்வென் நம்பினார். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் நுண்ணோக்கியின் கீழ் வேறொரு காட்சி தெரிந்தது. ஜெர்மனியில் ஆர்தர் பார்த் என்பவரும், பின்னர் அமெரிக்காவில் டாலஸ் ஃபெமிஸ்டரும் காட்டியது இதுதான்: ரத்தத் தொடர்பு அறுந்த எலும்பில் பெரும்பாலான செல்கள் செத்துவிடுகின்றன. மேற்பரப்பை ஒட்டி ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதி ஆழம் வரை இருப்பவை மட்டும் சுற்றியுள்ள திரவத்திலிருந்து உணவு இழுத்துப் பிழைக்கின்றன. மற்றது சுண்ணாம்பும் நாரும் ஆன வெறும் சட்டகம். சுற்றியுள்ள உயிருள்ள எலும்பிலிருந்து நுண்குழாய்கள் அதற்குள் புகுந்து, கூடவே எலும்பைத் தின்னும் செல்களையும் எலும்பைக் கட்டும் செல்களையும் கூட்டி வருகின்றன. முதல் வகை பழையதைத் துளைத்துக்கொண்டே போகும், இரண்டாம் வகை பின்னாலேயே புதிதாகப் பூசிக்கொண்டே வரும். இப்படி ஊர்ந்து ஊர்ந்து, மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், செத்த எலும்பு உயிரெலும்பாக மாறுகிறது.

பழைய ஓட்டுவீட்டில் ஆட்கள் குடியிருக்கும்போதே தச்சர் உத்தரத்தை ஒவ்வொன்றாக உருவி மாற்றுவது போன்ற வேலை இது. கடைசியில் வீடு புதிதாகிவிடும், ஆனால் நடுவில் ஒரு கட்டத்தில் பழைய மரமும் பாதி போய், புது மரமும் பாதிதான் வந்திருக்கும். கூரை அப்போதுதான் இறங்கும். ஃபுளோரிடாவில் வில்லியம் என்னெகிங் நாய்களிடம் செய்து, 1975-ல் வெளியிட்ட சோதனைகளில் இதைக் கணக்காகவே அளந்தார். ரத்தமில்லாமல் வைக்கப்பட்ட கெட்டி எலும்பு, ஆறாம் வாரத்திலிருந்து ஆறாம் மாதம் வரை ஏறத்தாழப் பாதி வலுவோடுதான் நிற்கிறது. கால் ஊன்றி நடந்தே ஆகவேண்டிய மனிதனுக்கு அது நீண்ட காலம்.

இரண்டு சென்டிமீட்டருக்கு இந்த ஆபத்தைச் சமாளித்துவிடலாம். இரு முனைகளிலிருந்தும் ஊர்ந்து வரும் உயிர் சீக்கிரம் நடுவில் சந்தித்துவிடும். நீளம் கூடக்கூட நடுப்பகுதி செத்த எலும்பாகவே கிடந்து, சுமை ஏறி ஏறி ஒருநாள் முறியும். முறிந்தால் சேராது, சேர்வதற்கு அங்கே உயிர் இல்லை. ஆறு சென்டிமீட்டரைத் தாண்டினால் வேறு வழி தேடு என்பது எலும்பு மருத்துவர்களிடையே ஒரு வாய்ப்பாடு. இது இயற்கை விதி ஒன்றுமில்லை, அனுபவத்தில் போட்ட கோடு. என்னைக் கேட்டால் நீளத்தைவிட முக்கியமானது ஒட்டு வைக்கப்படும் இடம். நல்ல தசை சூழ்ந்த, கிருமி இல்லாத படுக்கையில் எட்டு சென்டிமீட்டர்கூடச் சேர்ந்துவிடும். பலமுறை சீழ் வைத்து, தழும்பேறி, தோல் எலும்போடு ஒட்டிப்போன காலில் நான்கே சேராது. புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு கொடுத்த இடம் இன்னும் மோசம், அங்கே நுண்குழாய்களே சுருங்கிக் கிடக்கும். ஊர்ந்து வரவேண்டிய உயிருக்குப் புறப்படும் இடமே இல்லை.

அப்படியானால் வரப்போகும் ரத்தத்துக்குக் காத்திருப்பானேன்? எலும்பை அதன் ரத்தத்தோடு சேர்த்தே கொண்டுவந்தால் என்ன?

இந்தக் கேள்வி எழுவதற்கே, எலும்புக்கும் ரத்தத்துக்கும் உள்ள உறவு தெரிந்திருக்க வேண்டும். லண்டன் மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸ் 1691-ல் எழுதிய எலும்பு நூலில் கெட்டி எலும்புக்குள் ஓடும் நுண்வாய்க்கால்களை விவரித்தார். அவற்றுக்கு இன்றும் அவர் பெயர்தான். நீண்ட எலும்பு ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு துளை இருக்கும். அதன் வழியே ஊட்டத் தமனி நுழைந்து மஜ்ஜைக்குள் மேலும் கீழும் கிளை பிரிந்து, எலும்புச் சுவரின் உட்பகுதியை உள்ளிருந்து நனைக்கிறது. வெளியே எலும்பைப் போர்த்திய சவ்வு வழியாகவும் சின்னச் சின்னக் குழாய்கள் வருகின்றன. இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்து முதல் பத்து சதவீதம் எலும்புக்கூட்டுக்குத்தான் போகிறது. எலும்பு சும்மா நிற்கும் தூண் இல்லை, நன்றாகத் தின்னும் உறுப்பு.

இந்த உறவை அறுக்காமல் எலும்பை இடம் மாற்ற முடியும் என்று காட்டியவர், நுண்ணோக்கியைத் தொடாத ஒருவர். சான் பிரான்சிஸ்கோவின் தாமஸ் ஹன்டிங்டன் 1905-ல் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். கீழ்க்காலில் இரண்டு எலும்புகள் உண்டு. முன்னால் தடவினால் தெரிவது டிபியா, பருமனானது, உடல் எடையைத் தாங்குவது. வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான எலும்பு ஃபிபுலா. அந்தச் சிறுவனின் டிபியாவில் பெரும் பகுதியைக் கிருமி தின்றிருந்தது. ஹன்டிங்டன் அதே காலின் ஃபிபுலாவை மேல்பக்கம் அறுத்து, தசையையும் குழாய்களையும் கழற்றாமல், பக்கவாட்டில் தள்ளி டிபியாவின் மேல்துண்டுக்குள் செருகினார். அது சேர்ந்த பிறகு, மாதங்கள் கழித்து, கீழ்ப்பக்கத்தையும் அதேபோல நகர்த்தினார். சிறுவன் நடந்தான். நடக்க நடக்க அந்த ஒல்லி எலும்பு பருத்து, டிபியாவின் பருமனை நெருங்கியது. செத்த எலும்பு அப்படிப் பருக்காது.

இதில் உள்ள தடை வெளிப்படை. பக்கத்தில் இருப்பதைத்தான் நகர்த்த முடியும். அதே காலின் ஃபிபுலாவும் நொறுங்கியிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. கைக்கோ தொடைக்கோ இது உதவாது. தூரத்து எலும்பைக் கொண்டுவர வேண்டுமானால் அதன் குழாயை அறுத்து, புது இடத்துக் குழாயோடு தைக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் குழாயைத் தைப்பது எப்படி?

பெரிய குழாய்களைத் தைக்கும் கலை முன்னரே வந்துவிட்டது. 1894-ல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்திக்குத்துக்கு ஆளாகி, வயிற்றின் பெரிய சிரை அறுபட்டு இறந்தார். அதைத் தைக்க அன்று யாருக்கும் தெரியாது. அதே ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் கேரல் ஒரு பூத்தையல்காரப் பெண்ணிடம் நுண்ணிய ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு, வட்டமான குழாய் வாயை மூன்று தையலில் முக்கோணமாக இழுத்துப் பிடித்துத் தைக்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். 1912-ல் நோபல் பரிசு வந்தது. ஆனால் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்குவது கண்ணால் முடிகிற காரியமில்லை. ஜூலியஸ் ஜேக்கப்சன் அமெரிக்காவின் வெர்மான்டில் 1960-ல் அறுவை நுண்ணோக்கியைக் குழாய்த் தையலுக்குக் கொண்டுவந்தார். நுண்ணோக்கியின் கீழே பார்த்த பிறகுதான், தவறு கையில் இல்லை, கண்ணில்தான் என்பது தெரிந்தது. 1965-ல் ஜப்பானின் நாராவில் கொமாட்சுவும் தமாயும் முழுதாக அறுந்துபோன கட்டைவிரலை ஒட்டவைத்தார்கள். 1973-ல் மெல்போர்னில் தோலும் கொழுப்பும் குழாயோடு இடம் மாறின.

அடுத்தது எலும்பு. நாயின் விலா எலும்பை அதன் குழாயோடு தாடைக்கு மாற்றிவைத்த சோதனை 1974-ல் வெளிவந்தது. அதே ஆண்டு மெல்போர்னில் இயன் டெய்லர், ஒருவரின் நல்ல காலிலிருந்து ஃபிபுலாவை எடுத்து, விபத்தில் டிபியாவை இழந்த மற்றொரு காலில் வைத்துக் குழாய்களைத் தைத்தார். 1975-ல் அது அச்சில் வந்து உலகெங்கும் பரவியது. ஜப்பானில் உயேபாவும் ஃபுஜிகாவாவும் 1974-லேயே முன்கை எலும்புக்கு இதைச் செய்திருந்தார்கள். ஆனால் ஒன்பது ஆண்டு பொறுத்து, நோயாளி எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு 1983-ல்தான் எழுதினார்கள். பெயர் டெய்லருக்குப் போயிற்று. அவசரப்படாதவருக்கு அறிவியலில் கிடைக்கும் பரிசு அடிக்குறிப்புதான்.

ஃபிபுலாவையே எல்லாரும் நாடுவதற்குக் காரணங்கள் உண்டு. நேரான, குழாய் வடிவ, கெட்டி எலும்பு. பெரியவர்களிடம் இருபத்தைந்து சென்டிமீட்டர் வரை எடுக்கலாம். அதன் ஓரமாகவே இறங்கும் பெரோனியல் தமனி, எலும்பின் நடுப்பகுதிக்கு ஊட்டக் கிளை ஒன்றைக் கொடுப்பதோடு, வழி நெடுக வளையம் வளையமாகச் சவ்வுக்கும் கிளை விடுகிறது. ஊட்டக் கிளை போனாலும் சவ்வு வழி ரத்தம் இருக்கும். அதனால் எலும்பை இடையில் அறுத்து, சவ்வும் தமனியும் அறுபடாமல், இரண்டாக மடித்துத் தொடையெலும்புக்கு இரட்டைத் தண்டாக வைக்க முடிகிறது. வாய்ப்புற்றுக்குத் தாடையை இழந்தவர்களுக்கு இதே எலும்பைத் தாடை வடிவில் அறுத்து வளைத்துப் பொருத்தும் முறையை நியூயார்க்கில் டேவிட் ஹிடால்கோ 1989-ல் வெளியிட்டார். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று மலிந்த நம் நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகளில் இன்று ஃபிபுலா போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் தாடைதான்.

அறுவை அரங்கில் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒரு குழு பழுதான காலைத் திறந்து, செத்ததையெல்லாம் வெட்டித் தள்ளி, எலும்பு முனையில் ரத்தப் பொட்டுகள் துளிர்க்கும் வரை போகும். ரத்தம் துளிர்க்காத முனையில் எதை வைத்தாலும் ஒட்டாது. கூடவே ஒரு நல்ல தமனியையும் இரண்டு சிரைகளையும் தேடிப்பிடிக்கும். பழைய காயத்தின் வீக்கத்திலும் தழும்பிலும் சிக்காத குழாயாக அது இருக்க வேண்டும். பல அறுவைகள் தோற்பது இந்தத் தேர்வில்தான், தையலில் இல்லை.

மற்றக் குழு நல்ல காலில், தொடையில் டூர்னிக்கெட் கட்டி ரத்தத்தை நிறுத்தி, வெளிப்பக்கத் தோலைக் கீறும். தசைகளை ஃபிபுலாவிலிருந்து பிரிக்கும்போது எலும்பு தெரியும்படி வழித்தெடுத்துவிடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தசை எலும்பின் மேலேயே படிந்திருக்க வேண்டும். பளபளவென்று வெள்ளையாக எலும்பு தெரிந்தால் சவ்வைக் கிழித்துவிட்டோம் என்று அர்த்தம். மேலும் கீழும் ரம்பத்தால் அறுத்ததும் எலும்பு லேசாகக் கழன்று வெளிப்பக்கம் சாயும். அதன் பின்னால், இரு சிரைகள் இருபுறமும் துணைவர, பெரோனியல் தமனி தெரியும். இப்போது டூர்னிக்கெட்டைத் தளர்த்துவார்கள். அறுபட்ட முனைகளிலிருந்தும் மேலே படிந்த தசையிலிருந்தும் சிவப்பு ஊறி வந்தால் எலும்பு உயிரோடு இருக்கிறது. அந்தக் காலிலேயே சற்று நேரம் அப்படி ஓடவிட்டு, புது இடம் தயாரான பிறகே குழாயை அறுப்பார்கள்.

அறுத்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். முதலில் எலும்பைப் பொருத்திப் பிளேட்டோ வெளிக்கம்பியோ போட்டு உறுதியாக்க வேண்டும். எலும்பு ஆடினால் தைத்த குழாய் கிழியும். அதன் பிறகு நுண்ணோக்கி உருண்டு வரும். தமனியின் வாயை நறுக்கிச் சீராக்கி, மேலிருக்கும் நார்ச்சவ்வை உரித்தெடுப்பார்கள். அந்த நாரில் ஓர் இழை உள்ளே இழுபட்டால் போதும், ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் கலந்த உப்புநீரைப் பீய்ச்சி உள்ளே கழுவுவார்கள். நூல் நைலான். அதன் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு, தலைமுடியில் பாதிகூட வராது. மணிக்கட்டை மேசையில் ஊன்றி, விரல்கள் மட்டும் அசைய, ஒரு தமனிக்கு எட்டு பத்து தையல். காலில் ஓடும் பெரிய தமனியை முழுதாக வெட்டாமல், அதன் பக்கவாட்டில் ஒரு துளையிட்டு அங்கே தைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பாதத்துக்குப் போகும் ரத்தம் குறையாது. கவ்விகளை எடுத்ததும் தமனி துடிக்கும். அதைவிட எல்லாரும் கவனிப்பது சிரையைத்தான். ரத்தம் உள்ளே போய் எலும்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்தால்தான் சிரை நிரம்பும்.

தோலை மூடிய பிறகு எலும்பு உயிரோடு இருப்பது எப்படித் தெரியும்? எலும்போடு சேர்த்து அதே தமனியில் உயிர் வாழும் தோல் துண்டு ஒன்றையும், இரண்டு மூன்று விரல் அகலத்துக்கு எடுத்து வந்து வெளியே தெரியும்படி தைத்துவைப்பது ஒரு தந்திரம். உள்ளே ரத்தம் நின்றால் அந்தத் தோல் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். முதல் சில நாள் இரவு பகலாக, மணிக்கு ஒருமுறை, யாராவது வந்து அதைத் தொட்டு, அழுத்தி, டாப்ளர் கருவியால் துடிப்பைக் கேட்டுப்போக வேண்டும். நீலம் பாய்ந்தால் சிரை அடைத்திருக்கிறது, வெளுத்தால் தமனி. உடனே அரங்குக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் வரை விட்டால் முடியாது. இந்த அறுவையின் பெருமை முழுவதும் நுண்ணோக்கியில் குனிந்திருந்தவருக்கே போகிறது. பாதியாவது இரவுப்பணிச் செவிலியருக்குச் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

“நல்ல கால்லேருந்து எடுத்தா அந்தக் காலும் போயிடாதா டாக்டர்?” நோயாளியின் அம்மாவோ மனைவியோ கேட்காமல் விடுவதில்லை. நியாயமான கேள்வி. காலில் இறங்கும் எடையில் ஃபிபுலாவின் பங்கு சிறியது, பெரும்பகுதி டிபியாவின் வழியாகவே இறங்குகிறது. ஆனால் கீழ்முனைதான் கணுக்காலின் வெளிக்குமிழ். அதை ஒட்டிக் குறைந்தது ஆறு சென்டிமீட்டர் விட்டுவைக்க வேண்டும். மேல்முனையின் கழுத்தைச் சுற்றிப் பாதத்தைத் தூக்கும் நரம்பு போகிறது, அதனால் அங்கேயும் கொஞ்சம் விடுவார்கள். இவ்வளவு கவனித்தாலும் விலை இல்லாமல் போகாது. பெருவிரலை மடக்கும் தசை ஃபிபுலாவிலிருந்தே புறப்படுவதால் அந்த விரல் சிலருக்கு மடங்கி இறுகும். கணுக்காலில் வலியும் புறங்காலில் மரத்துப்போதலும் சிலரிடம் தங்கிவிடும். வளரும் குழந்தைகளுக்குக் கணுக்கால் மெல்ல வெளிப்பக்கம் சாயக்கூடும். அதைத் தடுக்க, மிஞ்சிய கீழ்த்துண்டை டிபியாவோடு ஸ்க்ரூ போட்டுப் பிணைத்துவிடுவது வழக்கம். இன்னும் ஓர் எச்சரிக்கை: மிகச் சிலருக்குப் பாதத்துக்கு ரத்தம் போகும் முக்கிய வழியே பெரோனியல் தமனியாக இருக்கும். அவர்களிடம் அதை எடுத்தால் உறவினரின் பயம் உண்மையாகிவிடும். ஆகவே பலர் முன்கூட்டியே ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள்.

இனி எலும்பின் கதை. ரத்தத்தோடு வந்த எலும்பு ஊர்ந்து மாறவேண்டிய கட்டத்தைத் தாண்டிவிடுகிறது. இரு முனைகளிலும் நடக்க வேண்டியது சாதாரண எலும்புமுறிவு சேர்வது போன்ற சேர்க்கை மட்டுமே. சில மாதங்களில் அது நடந்துவிடும். ஆனால் டிபியா ஆளின் எடைக்கென்று அமைந்த எலும்பு, ஃபிபுலா அதில் பாதிப் பருமன். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜூலியஸ் வோல்ஃப் 1892-ல் எழுதியது இங்கே கண்ணெதிரே நடக்கிறது. கால் ஊன்ற ஊன்ற எக்ஸ்-ரேயில் அந்த ஒல்லித் தண்டு மாதத்துக்கு மாதம் அகலமாகும். விறைப்பான பிளேட் எடை முழுவதையும் தானே வாங்கிக்கொண்டால் எலும்பு பருக்காது. சுமையே இல்லாமல் வைத்திருந்தாலும் பருக்காது. பருப்பதற்கு முன் அதிகம் ஊன்றினால் முறியும்.

முறிவதும் அபூர்வம் இல்லை, குறிப்பாக முதல் ஆண்டில். எக்ஸ்-ரேயைப் பார்த்து நோயாளியின் முகம் வாடும். அறுவை மருத்துவரோ முறிவைச் சுற்றி மேகம் போலத் திரண்டிருக்கும் புது எலும்பைப் பார்த்துவிட்டு, மாவுக்கட்டு போட்டு அனுப்புவார். செத்த எலும்பு முறிந்தால் அப்படித் திரளாது. உயிருள்ளது முறிந்தால் தானே சேரும், சேரும்போது முன்னைவிடப் பருமனாகவே சேரும். சிலருக்கு ஃபிபுலா வேகமாகப் பருத்ததே இப்படி ஒருமுறை முறிந்த பிறகுதான்.

நீளமான இடைவெளிகளை வைத்தே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். ரத்தம் கொண்டுவரும் எலும்பு இரண்டு சென்டிமீட்டருக்குள்ளும் தேவைப்படும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமுள்ள படகு எலும்புக்குக் குழாய்கள் நுழைவது பெரும்பாலும் விரல் பக்கமுள்ள பாதியில்தான். அங்கிருந்து ரத்தம் பின்னோக்கிப் பாய்ந்து முன்கைப் பக்கத்துப் பாதியை நனைக்க வேண்டும். கையை ஊன்றி விழுந்து நடுவில் முறிந்தால் அந்தப் பின்பாதி பட்டினி கிடக்கும். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் நீவிக்கொண்டு மாதங்களை ஓட்டிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். அர்ஜென்டினாவின் கார்லோஸ் சைடம்பெர்க் 1991-ல் வெளியிட்ட வழியில், பக்கத்திலுள்ள முன்கையின் ரேடியஸ் எலும்பின் மேற்புறத்தில் ஓடும் ஒரு மெல்லிய தமனியோடு சேர்த்து ஒரு சிறு சில்லை எடுத்து, காம்பு அறுபடாமல் திருப்பிப் படகு எலும்புக்குள் செருகுகிறார்கள். தையலே வேண்டாம். எல்லாருக்கும் இது சேர்ந்துவிடுவதில்லை. எலும்பு கூனிச் சுருங்கியிருந்தால் இந்தச் சில்லு அதை நிமிர்த்தப் போதாது. அதற்கு ஜப்பானியர் கண்டுபிடித்த வேறொரு இடம் உண்டு: முழங்காலின் உட்புறத்தில், தொடையெலும்பின் குமிழிலிருந்து தமனியோடு எடுக்கும் சிறு கட்டை. மணிக்கட்டுக்கு முழங்காலிலிருந்து எலும்பு.

இடுப்பு மூட்டுப் பந்துக்கும் இதே பட்டினி வரும். ஸ்டீராய்டு மருந்தும் மிதமிஞ்சிய குடியும் முக்கியக் காரணங்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் அர்பேனியாக், தொடையெலும்பின் கழுத்து வழியே துளையிட்டு, பந்துக்குள் செத்த பகுதியைக் குடைந்தெடுத்து, ஃபிபுலாவை அதன் ரத்தத்தோடு குருத்தெலும்புக்குச் சற்றுக் கீழே வரை முட்டுக் கொடுக்கும் முறையை நூற்றுக்கணக்கானவர்களுக்குச் செய்து வளர்த்தார். பந்து இடிந்து தட்டையாவதற்கு முன்னால் செய்ய வேண்டும், பிறகு பயனில்லை. நுண்ணோக்கி இல்லாத வழியை அதே மூட்டில் கொல்கத்தாவின் டி.பி. பக்ஸி கையாண்டார். பக்கத்துத் தசையை அதன் எலும்பு ஒட்டோடு பெயர்த்து, தசை வழியே ரத்தம் வந்துகொண்டிருக்க, சேராமல் கிடந்த தொடைக்கழுத்து முறிவுகளில் பொருத்தினார். அறுபது வயதானவருக்கு இன்று யாரும் இதையெல்லாம் செய்வதில்லை, செயற்கை மூட்டு வைத்துவிடுகிறார்கள். முப்பது வயதானவருக்குத்தான் இந்தச் சிரமம் தகும்.

குழந்தைகளிடம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். தோளருகிலோ மணிக்கட்டருகிலோ எலும்புப் புற்றை வெட்டும்போது, எலும்போடு அதை நீளச்செய்யும் வளர்ச்சித் தட்டும் போய்விடும். எவ்வளவு நன்றாகச் சேர்த்தாலும் அந்தக் கை வளராது. இத்தாலியின் ஃபுளோரன்ஸில் மார்கோ இன்னொசென்டி, ஃபிபுலாவின் மேல்முனையை அதன் வளர்ச்சித் தட்டோடு, அதற்கு ரத்தம் தரும் முன்பக்கத் தமனியையும் சேர்த்து எடுத்துவந்து பொருத்தினார். ரத்தம் நிலைத்தால் முழங்கால் பக்கத்து எலும்பு, கையில் உட்கார்ந்துகொண்டு ஆண்டுதோறும் நீள்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, பத்து சென்டிமீட்டர் இடைவெளியோடு வரும் எல்லாருக்கும் இந்த அறுவைதானா என்றால், இல்லை. சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரீல் இலிசரோவ் கண்ட வளையச் சட்டம் போட்டியாக நிற்கிறது. மிஞ்சிய எலும்பைத் தோலுக்கு உள்ளேயே அறுத்து, நாளொன்றுக்குக் கால் மில்லிமீட்டராக நான்கு முறை நட்டைத் திருகினால், விலகும் பிளவில் புது எலும்பு ஊறிவரும். அதுவும் உயிருள்ள எலும்பே. பத்து சென்டிமீட்டருக்கு நூறு நாள் திருகிய பின், அது கெட்டிப்பட இன்னும் பல மாதம் வளையத்தோடு இருக்க வேண்டும். கம்பி நுழைந்த இடங்களில் சீழ் பிடிக்கும். ஆனால் நுண்ணோக்கி வேண்டாம், இன்னொரு காலை அறுக்க வேண்டாம். பிரான்ஸின் மாஸ்கலே 1980-களில் தொடங்கிய வழி வேறு: இடைவெளியில் எலும்பு சிமென்ட்டை அடைத்துவைத்து, அதைச் சுற்றி ரத்தம் நிறைந்த சவ்வு ஒன்று தானே உருவான பிறகு, ஆறு எட்டு வாரத்தில் சிமென்ட்டை எடுத்துவிட்டுப் பஞ்செலும்பால் நிரப்புவது. இரவில் மறுபடி அரங்கைத் திறக்க ஆள் இல்லாத மருத்துவமனையில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே ஃபிபுலாவைத் தைப்பது துணிச்சல் ஆகாது.

கதிர்வீச்சு கொடுத்த கால், கீமோ நடந்துகொண்டிருப்பதால் புது எலும்பு சரியாக ஊறாத உடம்பு, பலமுறை தோற்றுத் தழும்பேறிய இடம், பிறவியிலேயே டிபியா முறிந்து சேராமல் இருக்கும் குழந்தை: இங்கெல்லாம் ஃபிபுலா முன்னால் நிற்கிறது. புற்றுக்கட்டிகளில் இப்போது செத்த எலும்பையும் உயிரெலும்பையும் கலக்கிறார்கள். இறந்தவரிடமிருந்து தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய கெட்டி எலும்பை வெளித்தண்டாக வைத்து, அதன் குழிக்குள் நோயாளியின் சொந்த ஃபிபுலாவைக் குழாயோடு செருகும் முறையை இத்தாலியரான ரோடோல்ஃபோ கபன்னா 1993-ல் விவரித்தார். முதல் ஆண்டுகளில் வெளித்தண்டு எடையைத் தாங்கும். உள்ளிருக்கும் எலும்பு அதற்குள் பருத்துக்கொள்ளும். வெளித்தண்டில் விரிசல் விட்டாலும் உள்ளிருக்கும் உயிரெலும்பு அதைச் சேர்க்கப் பார்க்கும்.